பதினேழாம் எண்ணின் முறை

பிப்ரவரி 3, திங்கள்

தன்யா தூங்கிவிட்டாள். அவள் அப்பாவுக்கு மில்லில் இந்த வாரம் இரவு ஷிப்ட். வாசல் கதவு, கொல்லைக் கதவு, பாத்ரூம் கதவு மூன்றையும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாத்ரூமை வெளியே தாழிடும் முன் லைட்டைப் போட்டு, வாளிக்குப் பின்னால்கூடப் பார்த்தேன். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்று தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். நவம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் அதைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். போனால் விஷயம் வேறு. நான் பார்த்துவந்த லேபைப் பூட்டிய பிறகு என்னை ஆபீஸில்தானே போட்டிருக்கிறார்கள், கையில் வேலை இல்லாதவள் நான்தான் என்று கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா அரசி, புது பிரின்சிபாலுக்கு மூணு பேர் வர்றாங்க. பசங்களே இன்டர்வ்யூ பண்ணட்டும்ங்கறான் எம்பையன். பெங்களூர்ல அப்படித்தானாமா. ஸ்டெம்முக்கு யாரு சப்போர்ட் பண்ணுவாங்கன்னு பசங்க கேக்கோணும். நீ மூலைல உக்காந்து கேள்வி பதிலை எழுதிக்கோ."

"மார்க் பசங்களே போடுவாங்களா சார்?"

"போடட்டும், போடட்டும். யாரைப் போடறதுன்னு நான் பாத்துக்கறேன். அட்மிஷன் பேனருக்கு நாலு போட்டோ வேணும், அவ்வளவுதான்."

அறிவியல், கணக்கு, எந்திரம், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டைக்கு இப்போது ஸ்டெம் என்று பெயர். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் அறிவியல் மன்றப் பிள்ளைகள்தான் கேட்கப் போகிறார்கள். அஷ்வந்த், சபரீஷ், வெண்பா, எங்கள் தன்யா. நால்வர். முன்பு ஐந்து பேர்.

நாளைக்குப் புளிக்குழம்பு. தன்யாவின் வெள்ளை சாக்ஸ் காயவில்லை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

என்னென்ன கேட்கப் போகிறீர்கள் என்று தன்யாவிடம் கேட்டேன். "வந்து கேளும்மா" என்றாள். நவம்பருக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதெல்லாம் இந்த அளவுதான். பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் ஆகிவிடும் என்கிறார்கள்.

பிப்ரவரி 5, புதன்

முதல் ஆள் கோட்டு சூட்டில் வந்தார். கோயம்புத்தூரில் ஏதோ பெரிய பள்ளியில் துணை முதல்வராம். லைப்ரரியில் மேசை போட்டிருந்தது. பிள்ளைகள் பக்கம் ஐந்து நாற்காலி. ஒன்று அதிகமென்று எடுத்துச் சுவரோரம் போட்டேன். அஷ்வந்த் எழுந்து போய் அதைத் திரும்பத் தூக்கிவந்து தன்யாவுக்குப் பக்கத்தில் போட்டான்.

"யாருக்கு அது?"

"பதினேழாம் நம்பருக்கு மிஸ்."

நான் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன்.

வகுப்பு வருகைப்பதிவு எண் வரிசையில் கேட்பதென்று அவர்களுக்குள் முடிவு. மூன்றாம் எண் அஷ்வந்த். எட்டு, தன்யா. இருபத்தொன்று சபரீஷ், இருபத்தாறு வெண்பா. நடுவில் பதினேழு, பூவிகா. டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளையின் எண்ணை வருஷம் முடியும்வரை வேறு யாருக்கும் தருவதில்லை. எல்லாப் பள்ளியிலும் அதுதான் வழக்கம்.

அஷ்வந்த் கேட்டான்: "சார், எங்களுக்கு எல்லா எக்ஸ்பெரிமென்ட்டும் மிஸ் செஞ்சு காட்டுவாங்க, நாங்க சுத்தி நின்னு பாப்போம். இப்ப அதுவும் இல்ல, டிவில காட்டறாங்க. நாங்க கையால எப்ப சார் செய்வோம்?"

அவர் ட்ரோன், த்ரீ-டி பிரின்டர் என்று பத்து நிமிடம் பேசினார். நான் அவ்வளவையும் எழுதினேன். எப்போது செய்வார்கள் என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

தன்யா: "எங்க லேப் நவம்பர்லருந்து பூட்டிக் கிடக்கு. ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கப்போறதாச் சொல்றாங்க. நீங்க வந்தா திறப்பீங்களா சார்?" என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மேனேஜ்மென்ட்டோட விஷனைப் பொறுத்தும்மா."

அடுத்து அஷ்வந்த் சொன்னான்: "இப்ப பதினேழாம் நம்பர் கேப்பாங்க சார்."

அவ்வளவுதான். நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார்கள். தன்யா கைக்கடிகாரத்தை மேசைமேல் கழற்றி வைத்தாள். சீலிங் ஃபேன் சத்தம் மட்டும். அவர் காலி நாற்காலியைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார், பிறகு சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்துச் சத்தமாக, "ஹலோ... கேக்குதாம்மா? நெட்வொர்க் ப்ராப்ளமா இருக்கும், மியூட்ல இருக்கியா பாரு" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் பிள்ளைகள் சிரித்து உருண்டிருக்கும். ஒருவர் உதடும் அசையவில்லை. அவர் டையைத் தளர்த்தினார். தண்ணீர் குடித்தார். "ஒரு நிமிஷம் ஆச்சு" என்று தன்யா சொன்னதும் சபரீஷ் எழுந்து, பிரித்தே பார்க்காமல் ஸ்டோரில் கிடக்கும் டெலஸ்கோப்பைப் பற்றிக் கேட்டான், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல.

தாளாளரிடம் தாளைக் கொடுத்தேன். பதினேழுக்கு எதிரே கேள்விக் கட்டமும் காலி, பதில் கட்டமும் காலி.

"இதென்னம்மா?"

"பேசாம இருந்தா எப்படி இருக்காங்கன்னு பாக்கறாங்களாமா சார்." நானாகத்தான் சொன்னேன்.

"அட! இந்த ஐடியா நல்லாருக்கே!" என்றார்.

பிப்ரவரி 6, வியாழன்

சாக்ஸ் வாங்க வேண்டும். தேங்காய், சீயக்காய். தூக்கம் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஒரு சர்க்குலரை எடுத்துக்கொண்டு எட்டு 'பி'க்குப் போனேன். வருகைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு ஆசிரியை எண்களை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பதினாறு, ப்ரசன்ட் மிஸ். அடுத்து பதினெட்டு என்றார். பதினெட்டாம் எண் பையன் உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பில் எல்லோரும் விரல் கணுவால் பெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்கள். முப்பது பேர், ஒரே தட்டு. மெதுவாகத்தான். பிறகு அவன், "ப்ரசன்ட் மிஸ்."

"தினமும் இப்படியா?" என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"எப்படி மிஸ்?" என்றார். அவருக்கு அது காதில் விழுவதே நின்றுபோயிருக்கிறது.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினால் அப்படித்தான் கேட்கும். இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டாவதாக ஒரு மேடம். நாற்பத்தைந்து வயதிருக்கும், வேதியியல். மடிப்புக் கலையாத காட்டன் சேலை. உட்கார்ந்த விதத்திலேயே கண்டிப்பு தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

பிள்ளைகளின் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் செய்முறை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக. "தப்பாச் செஞ்சா திட்டுவீங்களா மேடம்?" என்று தன்யா கேட்டாள். "ஒரு தடவை செஞ்சா திட்ட மாட்டேன். அதே தப்பை ரெண்டாந்தடவை செஞ்சா காதைத் திருகுவேன்." வெண்பா சிரித்துவிட்டாள்.

பிறகு அஷ்வந்த், "இப்ப பதினேழாம் நம்பர் கேப்பாங்க மேடம்" என்றான்.

தன்யாவின் கடிகாரம் மேசைக்கு வந்தது. மேடம் புன்னகையோடு காலி நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார். பாதி நிமிடம் ஆகியிருக்கும். புன்னகை அப்படியே இருக்க, முகத்தில் மற்றதெல்லாம் மாறியது.

"அது ஆக்சிடென்ட்" என்றார், அந்த நாற்காலியிடம்.

அதையும் எழுதிக்கொண்டேன்.

"பாட்டில்ல லேபிள் மாறியிருந்துச்சு. நான் ஒட்டின லேபிள் இல்ல. அந்தப் பையன் கையில ஆசிட் கொட்டினப்ப நான் ரூம்லயே இல்ல. என்கொயரில என் மேல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கை சரியாயிருச்சு அவனுக்கு. எழுதறானாம், நல்லாத்தான் எழுதறானாம்."

சட்டென்று நிறுத்தி எங்கள் எல்லோரையும் பார்த்தார். "இதை யாரு உங்களுக்குச் சொன்னது?"

"நாங்க ஒண்ணும் கேக்கலைங்க மேடம்" என்றான் அஷ்வந்த்.

"ஒரு நிமிஷம் ஆச்சு" என்றாள் தன்யா.

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்: "அந்தச் சேர்ல யாரு?" பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விட்டாள் என்றேன். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. சாயங்காலமே, எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று போன் செய்துவிட்டாராம்.

அவர் சொன்னதை எழுதிய தாளைத் தாளாளரிடம் கொடுக்கவில்லை. ஒருத்தர் வாயிலிருந்து தப்பி விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுப்பது நியாயமில்லை. விசாரணையில் ஒன்றும் இல்லை என்று முடிந்த பிறகு யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூச லீவு. ரோடு முழுக்க பச்சை வேட்டி, காவடி, பழனிக்கு நடக்கிறவர்கள். மோர்ப் பந்தலில் டம்ளர் கழுவிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டு போனது. நான் ஏதோ பார்வையில் பார்த்திருக்கிறேன் போல. தன்யா என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அது அவ இல்லம்மா" என்றாள்.

பூவிகா குடும்பம் திருப்பூரில், அவள் மாமா வீட்டுப் பக்கம் இருக்கிறதாம். அவள் இன்னும் யாரிடமும் பேச ஆரம்பிக்கவில்லையாம். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பாடத்தை எழுதுகிறாள். பேச்சுதான் இல்லை. இதை வெண்பாவின் அம்மா மோர்ப் பந்தலில் சொன்னாள். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

பிப்ரவரி 12, புதன்

நடந்ததை ஒரு தடவை வரிசையாக எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று படுகிறது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. மன்றப் பிள்ளைகள் லேபில் வில்லைகளை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். நாலு மணிக்கு மேல் கிளம்பினார்கள். லேபுக்குள்ளேயே ஒரு ஸ்டோர் ரூம் உண்டு. ஜன்னல் கிடையாது. லைட் சுவிட்ச் வெளிப்பக்கம். நான் ஸ்டோரைத் தாழிட்டு, லேபைப் பூட்டி, 4.15 பஸ்ஸைப் பிடித்தேன். அதை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்கு. எட்டே முக்காலுக்கு, தேடி வந்த பூவிகாவின் அப்பாவும் வாட்ச்மேனும் ஸ்டோரைத் திறந்தபோது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். மூடும்போது உள்ளே பார்த்தீர்களா? பதிவேட்டைக் காட்டினேன். தேதி, நேரம், 'உள்ளே யாரும் இல்லை, பார்த்தேன்', கையெழுத்து. எல்லாம் சரியாக இருந்தது. வேறு சாவி உண்டா என்று கேட்டார்கள். பிரின்சிபால் ரூமில் ஒன்று உண்டு என்றேன். அது உண்மைதானே? நான் சொன்னது அவ்வளவுதான். அப்போதைய பிரின்சிபால் தெய்வானை மேடம் அந்தச் சாவியைப் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் கொடுப்பார். அன்று சாயங்காலம் யாருக்கும் கொடுக்கவில்லையென்று அவரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மறதி. நான் போன பிறகு யாரோ திறந்து, பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள் என்று அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். ஜனவரியில் மேடம், பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். போகும்போது என் தோளைத் தட்டி, "பிள்ளைங்களுக்கு லேபை மட்டும் எப்படியாச்சும் திறந்து விடச் சொல்லு அரசி" என்றார்.

பதிவேட்டைப் பற்றி ஒன்று. எங்கள் பள்ளியில் எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம். பி.டி. சாரும் அப்படித்தான், வேன் அக்காவும் அப்படித்தான். ஐந்து நாளுக்கு ஐந்து கையெழுத்து, ஒரே மையில். விசாரணைக்காரர்கள் மையைப் பார்க்கவில்லை.

மனசு அடங்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மூன்றாவது ஆள். பெயர் மாதேசன். நாற்பதுதான் இருக்கும். மலைமேல் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ரப்பர் செருப்பு, தோளில் லேப்டாப் பை. தாளாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு போட்டோக்கு ஆவாரா?" என்று என் காதில் கேட்டார்.

பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் அவர் திரும்பக் கேள்வி கேட்டார். "டெலஸ்கோப்பு இருக்குன்னு சொன்னீங்களே, அதை வெச்சு மொதல்ல எதைப் பாப்பீங்க?" சபரீஷ் சனி என்றான், வெண்பா எதிர்வீட்டு மாடி என்றாள். "அதுவும் ஆராய்ச்சிதான்" என்றார். லேபைத் திறப்பீர்களா என்ற தன்யாவின் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொன்னார்: "திறக்க விடலைன்னா நான் எதுக்கு வரணும்? பி.டி. சார் மாதிரி விசில் ஊதவா?"

பதினேழாம் எண்.

கடிகாரம் மேசைக்கு வந்தது. அவர் எதையும் தேடவில்லை. நாற்காலியின் பக்கம் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தார், மெல்லிய குரலில் பேசுகிற பிள்ளைக்குக் காது கொடுப்பது போல. ஒரு தடவை தலையாட்டினார். இன்னொரு தடவை "ம்" என்றார். எனக்கு முதுகில் வேர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

நிமிடம் முடிய இருந்தபோது சொன்னார்: "சுவிட்சை உள்பக்கம் வெச்சிரலாம் கண்ணு. தாழ்ப்பாளும் வேண்டாம். உள்ளருந்து தள்ளினாத் திறக்கறாப்ல கதவு போட்டுக்கலாம். அது பெரிய வேலையே இல்ல."

அஷ்வந்த் எழுந்தேவிட்டான். தன்யாவுக்கு நேரம் சொல்ல மறந்துபோனது.

முடிந்ததும் வராந்தாவில் அவர் பின்னாலேயே போனேன். "சார், நீங்க முன்னமே வந்து எங்க லேபைப் பாத்தீங்களா?"

"பூட்டியிருக்குன்னு பசங்க சொன்னாங்களே மேடம்."

"சுவிட்ச் வெளிய இருக்குன்னு..."

"அப்படியா இருக்கு?" என்றார். "எனக்கு ஏதோ அப்படிக் கேட்டுச்சு. நீங்கதான் லேப் பாத்துக்கறவங்களா? அப்ப பசங்க என்னைக் கேக்கறதவிட உங்களைத்தான் கேக்கோணும்."

அவர் சொன்னதைப் பின்னால் நின்ற பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 15, சனி

ஊரில் எல்லாப் பழைய கட்டடத்திலும் ஸ்டோர் ரூம் சுவிட்ச் வெளியில்தான் இருக்கும். மலைப்பள்ளியிலும் அப்படி இருந்திருக்கும். அதை வைத்துச் சொல்லியிருப்பார். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். எனக்குத் தெரியும்.

தன்யாவின் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் இட்லி வைத்தேன். "தூங்கலையா?" என்றார். மாவு ஆட்ட வேண்டியிருந்தது என்றேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நால்வரும் ஆபீஸுக்கு வந்து நின்றார்கள். அஷ்வந்த் மதிப்பெண் தாளை நீட்டினான். மூன்று பெயருக்குக் கீழே நான்காவதாக ஒரு வரி. என் பெயர். மங்கையர்க்கரசி, லேப்.

"இன்னொருத்தர் பாக்கி மிஸ்."

"நான் எந்தப் பிரின்சிபால் வேலைக்கும் மனுப் போடலையே."

"லேப் திறந்தா நீங்கதான மிஸ் உள்ள இருப்பீங்க? புதன்கிழமை மூணாவது பீரியட். தாளாளர் சார்கிட்டக் கேட்டுட்டோம்."

தாளாளர் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "கேக்கட்டும்மா! நம்ம ஸ்டாஃபையும் கேட்டாங்கன்னு போட்டா எடுப்பா இருக்கும்!"

தன்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முடியாது என்று சொல்லலாம். காய்ச்சல் என்று லீவு போடலாம். வேலை போனால் தன்யாவின் படிப்பு இங்கே என்னாவது? அவள் அப்பா ஒருவர் சம்பளம். வெளியே தெரிந்தால் தன்யாவை என்ன சொல்வார்கள்? இவ அம்மாதான், என்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டியதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். 'பார்த்தேன், பூட்டினேன், இன்னொரு சாவி உண்டு.' நன்றாகத்தான் வருகிறது.

தலை பின்னும்போது தன்யா கேட்டாள்: "நாளைக்கு வருவியாம்மா?"

"வராட்டி?"

கண்ணாடியில் நான் தெரிகிற இடத்தில் அவள் பார்க்கவே இல்லை. பின்னல் முடிகிறவரைக்கும் அப்படியே இருந்தாள். ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக வீட்டில் அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 19, புதன்

நடந்து முடிந்த பிறகு வந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். தாளாளர் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். மறு உத்தரவு வரும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்றார். தெய்வானை மேடத்துக்கு நானே போன் செய்தேன். "சாவியை நான் குடுக்கலையா அரசி? நிஜமாவே குடுக்கலையா?" என்றார். மறுபடி மறுபடி அதையே கேட்டார். அழுதார். பூவிகாவின் அப்பாவுக்கும் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். போனை வைத்துவிட்டார். தன்யாவின் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இன்னும் அப்படியேதான் இருக்கிறார்.

இனி நடந்தது.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி. இத்தனை நாள் மூலையிலிருந்து பார்த்தபோது தெரியவில்லை, இங்கே உட்கார்ந்தால் ஐந்து நாற்காலியும் ஒரே போலத் தெரிகின்றன. தாளாளர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். என் இடத்தில் எழுதுவதற்கு யாருமில்லை. அஷ்வந்தே தாளை வைத்துக்கொண்டான்.

"லேப் திறந்தா எங்களையே எக்ஸ்பெரிமென்ட் செய்ய விடுவீங்களா மிஸ்?" என்றான். விடுவேன் என்றேன்.

தன்யா எழுந்து நின்றாள். மற்றவர்களிடம் கேட்டபோது உட்கார்ந்துதான் கேட்டாள். "மிஸ்" என்று ஆரம்பித்தாள். பள்ளியில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "சின்னப் பசங்க ஒண்ணு சொன்னா லேப்ல இருக்கறவங்க காது குடுத்துக் கேக்கணுமா, வேண்டாமா?"

"கேக்கணும்."

உட்கார்ந்தாள். கடிகாரத்தைக் கழற்றினாள்.

"இப்ப பதினேழாம் நம்பர் கேப்பாங்க மிஸ்."

ஃபேன் ஓடியது. நான் அந்த நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளைப் பார்த்தேன். கோபமாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி யாரும் இல்லை. பரிசோதனைக் குழாயில் நிறம் மாறுவதற்கு எப்படிக் காத்திருப்பார்களோ அப்படிக் காத்திருந்தார்கள். அந்த நாற்காலிப் பக்கமிருந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஒரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு, வெளியே காலடிச் சத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நாலரை மணி நேரமாக.

"நான் பாக்கல" என்றேன்.

தாளாளர், "என்னம்மா?" என்றார்.

"கையெழுத்து திங்கட்கிழமையே போட்டு வெச்சது. ஸ்டோருக்குள்ள எட்டிப் பாக்கல. பூவி, நீ லென்ஸ் பெட்டியை உள்ள வெக்கப் போயிருந்த. லைட்டை அணைச்சதும் நாந்தான், தாழ்ப்பாள் போட்டதும் நாந்தான். வேற யாரும் பின்னாடி வந்து திறக்கல. மேடம் யாருக்கும் சாவி குடுக்கல. தன்யா வராந்தால நின்னு சொன்னா, அம்மா, பூவி இன்னும் வரலைன்னு. அவ முன்னாடியே போயிருப்பா, வா, பஸ் போயிரும்னு கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். ரெண்டு தடவை சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

சொல்லி முடித்ததும் எழுந்துவிடப் பார்த்தேன்.

"இன்னும் பதினஞ்சு செகண்ட் இருக்கு" என்றாள் தன்யா. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உட்கார்ந்தேன். தாளாளரின் செல்போன் எப்போதோ கீழே இறங்கியிருந்தது. அந்தப் பதினைந்து விநாடியும் பூவிகாவுடையது. நாங்கள் எல்லோரும் கொடுத்தோம்.

"ஒரு நிமிஷம் ஆச்சு."

சபரீஷ் எழுந்தான். "லேப் திறந்தா வாரத்துக்கு எத்தனை நாள் எங்களை உள்ள விடுவீங்க மிஸ்?"

"நான் இங்க இருப்பனான்னே தெரியலையே சபரீஷ்."

"இருந்தா மிஸ்?"

நால்வரும் என்னையே பார்த்தார்கள். அஷ்வந்த் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதை எழுதக் காத்திருந்தான்.